புறம் பேசினால் நின்றுவிடும் வண்டி

குதிரைக்குத் தமிழ் தெரியும் என்று நான் நம்பினேன். எல்லாக் குதிரைக்கும் என்று நம்புகிற அளவுக்கு நான் முட்டாள் இல்லை. திருச்சி பாலக்கரையிலிருந்து எங்களைப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போன அந்த ஒரு சிவப்புக் குதிரைக்கு மட்டும். அதற்கும்கூட எல்லாத் தமிழும் தெரியாது, புறம் பேசுவது மட்டும் புரியும் என்பது என் தனிப்பட்ட கண்டுபிடிப்பு. வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டு, அங்கே இல்லாத ஒருவரைப் பற்றி யாராவது குறை சொன்னால் குதிரை நடையைக் குறைக்கும். இன்னொரு வாக்கியம் சொன்னால் நின்றுவிடும். அப்போது எனக்குப் பதினொரு வயது. பதினொரு வயதுக்கு இது கொஞ்சம் அதிகம் என்று என் மனைவி இன்றைக்கும் சொல்கிறாள். அவள் அந்த வண்டியில் ஏறியதில்லை.

வண்டிக்காரரை நாங்கள் மாமு என்று கூப்பிடுவோம். எங்கள் வீட்டுக்கு அவர் எந்த வகையிலும் சொந்தமில்லை. அவருக்கு ஒரு நல்ல பெயர் இருந்தது, அதை இங்கே எழுதப் போவதில்லை. இல்லாத மனிதரைப் பற்றி இத்தனை பக்கம் எழுதுவதே அவர் கணக்கில் தப்பு. பெயரையும் போட்டுவிட்டால் எங்கேயோ ஒரு வண்டி நின்றுவிடும் என்று எனக்கு இப்போதும் ஒரு சின்ன பயம்.

ஒல்லியான ஆள். கட்டம் போட்ட கைலி, எண்ணெய் ஏறி மஞ்சளாகிப்போன வெள்ளைத் தொப்பி, தோளில் ஒரு நீலத் துண்டு. பக்கத்தில் போனால் கொள்ளு வாசனை அடிக்கும். வண்டியில் ஏறின உடனே, "முன்னால வாங்க, முன்னால வாங்க" என்பார். பின்பாரம் அதிகமானால் ஜட்கா அண்ணாந்துவிடும். நாங்கள் ஐந்து பேர் புல்லின் மேல் விரித்த சாக்கில் நெருக்கியடித்துக்கொண்டு உட்காருவோம். என்னைவிட இரண்டு வயது மூத்த ஹபீப், அவன் தங்கை பரிதா, நான், இன்னும் பெயர் நினைவில்லாத இரண்டு பொடிசுகள். மற்ற வண்டிக்காரர்கள் குதிரையை அதட்டுவார்கள், நாக்கைச் சொடுக்குவார்கள். இவர் எட்டி அதன் முதுகில் கையை வைப்பார், அது கிளம்பும். கையை வைத்த பிறகுதான், ஒரு மரியாதைக்குச் சொல்வதுபோல, "வா தாயி" என்பார்.

புறம் பேசக்கூடாது என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தராமல் இல்லை. விடியற்காலையில் ஓதுகிற பள்ளியில் லெப்பை எங்களுக்கு அதைப் பிரம்பை வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுப்பார். நாங்களும் ஒரே குரலில் ஒப்பிப்போம். ஒப்பித்துவிட்டு வீட்டுக்குத் திரும்புகிற வழியெல்லாம் லெப்பையின் பிரம்பைப் பற்றியும் அவர் குறட்டையைப் பற்றியும் பேசிக்கொண்டு வருவோம். பாடம் வேறு, பேச்சு வேறு என்றுதான் இருந்தோம், மாமு வண்டியில் ஏறுகிற வரைக்கும்.

ஏறின இரண்டாவது நாளே ஹபீப் ஆரம்பித்தான். "எங்க தையல்காரரு துணியத் திருடுறாருடா. பாரு, ஒரு கை குட்டையா இருக்கு." சட்டையை நீட்டிக் காட்டினான். குதிரை நின்றது. மாமு திரும்பிப் பார்க்கவில்லை.

"கடை எங்க?"

"எந்தக் கடை மாமு?"

"தையக்கடை."

ஹபீப் இடத்தைச் சொன்னான், பெருமையாகவே சொன்னான். வண்டி அரைவட்டம் அடித்துத் திரும்பியது. தையல்கடை வாசலில் போய் நின்றது. "இறங்கு. எங்ககிட்ட சொன்னத அவர்கிட்ட சொல்லிட்டு வா" என்றார் மாமு.

கழுத்தில் அளவு நாடாவோடு தையல்காரர் எட்டிப் பார்த்தார். ஹபீப் போய் நின்றான். "என்ன தம்பி?" "சும்மா, ஸலாம் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்." தையல்காரர் பதில் ஸலாம் சொல்லிவிட்டு அவன் கையைப் பார்த்தார். "இங்க வா, நீட்டு. ஒரு பக்கம் குட்டையா இருக்கே. எங்கிட்ட சொல்றதுக்கென்னடா, ஊரெல்லாம் மாட்டிக்கிட்டு அலையிற?" சட்டை அங்கேயே கழற்றப்பட்டது. ஹபீப் பனியனோடு பள்ளிக்கூடம் வந்தான்.

"நான் உண்மையத்தானே சொன்னேன் மாமு?" என்று சாயங்காலம் கேட்டான்.

"உண்மையா இருந்தாத்தான் அது புறம். பொய்யா இருந்தா அதுக்கு வேற பேரு. அது இன்னும் மோசம்."

"அப்ப எதைத்தான் பேசுறது?"

"ஆகாசம் இருக்கு. ஆத்துல தண்ணி வந்திருக்கு. மலைக்கோட்டை இருக்கு. பேசுங்க."

நாங்கள் மலைக்கோட்டையைப் பற்றி இரண்டு நிமிஷம் பேசினோம். அதற்குமேல் அதில் ஒன்றும் இல்லை.

குதிரை தானாக நிற்கிறது என்பதை முதலில் கவனித்தது பரிதா. மாமு வாயைத் திறப்பதற்கு முன்பே அது நின்றுவிடுகிறது, காதைப் பின்பக்கம் திருப்புகிறது என்றாள். உடனே எனக்குள் ஒரு விஞ்ஞானி எழுந்து உட்கார்ந்தான். சோதனை செய்ய ஆரம்பித்தேன். நல்லதாகப் பேசினேன், வண்டி ஓடியது. "டிராயிங் சார் இஸ் வெரி பேட்" என்றேன், நின்றது. குதிரைக்கு இங்கிலீஷும் தெரிந்திருந்தது. எனக்கு அதைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் தெரியும். சிலேட்டில் எழுதிக் காட்டினேன், ஓடியது. சரித்திரப் பாடத்தில் வருகிற ஒரு ராஜாவைப் பற்றி, அவன் தம்பியைக் கொன்ற கதையைச் சொன்னேன். கொஞ்சம் தயங்கியது, யோசித்தது, பிறகு போனது. என்னைப் பற்றியே சொல்லிப் பார்த்தேன்: "நான் ஒரு சோம்பேறி. நான் பொய் சொல்றவன்." நிற்கவில்லை. கொஞ்சம் வேகமாகப் போனது மாதிரிகூட இருந்தது.

இவ்வளவு சோதனை செய்தவன், முன்னால் உட்கார்ந்திருந்தவரின் கையில் ஒரு கடிவாள வார் இருந்ததைப் பார்க்கவில்லை.

அந்தக் குதிரையிடம் நான் மயங்கிப்போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதன் தைரியம். ஒருநாள் மெயின்கார்டு கேட் பக்கத்தில் ஒரு லாரி, ஹாரன் சிக்கிக்கொண்டு விடாமல் அலறியபடியே வந்தது. எங்களுக்கு முன்னால் நின்ற இரண்டு ஜட்கா குதிரைகளும் மிரண்டு நடைபாதையில் ஏறிவிட்டன. வெள்ளரிப்பிஞ்சுக் கூடை ஒன்று உருண்டது. எங்கள் குதிரை வாலைக்கூட அசைக்கவில்லை. தீபாவளிச் சரவெடிக்கு நடுவே, கல்யாண ஊர்வலத்துக்குப் போவது மாதிரி நடக்கும். "சாதாரணக் குதிரை இல்லடா இது" என்பான் ஹபீப். மாமுவிடம் கேட்டால், "அது அப்படித்தான்" என்பார். குதிரையைப் பற்றியும் அதற்குமேல் பேசமாட்டார்.

அவர் நினைத்திருந்தால் திருச்சியில் பாதி ஊரின் கதையை அவிழ்த்துவிட்டிருக்கலாம். எங்கள் பெண்கள் அப்போது வெளியே போனால் படுதா கட்டிய ஜட்காவில்தான் போவார்கள். எந்த மருமகள் அழுதுகொண்டே தாய்வீட்டுக்குப் போனாள், எந்த வீட்டு நகை அடகுக்கடைக்கு நடந்தது, யார் யாரை டாக்டரிடம் ரகசியமாகக் கூட்டிப்போனார்கள் எல்லாம் அவருக்குத் தெரியும். என் அம்மாவுக்கு இது தெரியும். அதனால் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு நூல் விடுவாள்.

"பீமநகர் கல்யாணத்துல பிரியாணி பத்தலயாம், மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கோவிச்சுக்கிட்டாங்களாம், அப்படியா?"

"வாங்கம்மா, கூட்டிட்டுப் போறேன். அவங்ககிட்டயே கேட்டுக்கலாம்" என்று மாமு படுதாவை எடுத்துக் கட்ட ஆரம்பிப்பார். அம்மா அடுப்பில் ஏதோ தீய்வதாகச் சொல்லிவிட்டு உள்ளே ஓடிவிடுவாள்.

ஜங்ஷன் வண்டி ஸ்டாண்டில் அவருக்குக் கூட்டாளி கிடையாது. "அவரு பக்கத்துல உக்காந்தா பீடிகூட ருசிக்கல" என்று இன்னொரு வண்டிக்காரர் என் காதுபடச் சொல்லியிருக்கிறார். மாமு அப்போது அங்கே இல்லை. நான் அனிச்சையாகக் குதிரையைத் தேடினேன்.

இனி வரதன்.

வரதன் என் வகுப்பு, என் பெஞ்சு. ஸ்ரீரங்கத்துப் பையன். அப்பா ரயில்வே ஆபீசில் குமாஸ்தா. தினமும் பஸ்ஸில் காவிரிப் பாலத்தைத் தாண்டி வருவான். அப்போது இருந்தது பழைய பாலம், குறுகல். ஒருநாள் என் காம்பஸ் பெட்டியைத் திறந்து மூடிக்கொண்டே சொன்னான், பாலத்தில் பஸ் ஏறினதும் அவன் கண்ணை மூடிக்கொள்வானாம்.

"தண்ணி ஓடறதைப் பார்த்தா பாலமே நழுவிண்டு போறாப்ல இருக்குடா. வயித்தைப் புரட்டறது. இறங்கற வரைக்கும் எண்ணிண்டே வருவேன். யார்கிட்டயும் சொல்லப்படாது. ரங்கநாதர் மேல சத்தியம் பண்ணு."

"உங்க சாமி மேல நான் பண்ண முடியாது. எங்க அல்லாஹ் மேல இதுக்கெல்லாம் பண்ணக்கூடாது" என்றேன்.

கொஞ்சநேரம் இரண்டு பேரும் யோசித்து, கை குலுக்கி முடித்துக்கொண்டோம்.

மூன்றாவது நாள் வண்டியில் அதைச் சொல்லிவிட்டேன். வரதன் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. ஆகாசத்தைப் பற்றிப் பேசி முடித்தாயிற்று, ஆற்றையும் முடித்தாயிற்று, நாலு பேர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுவாரசியமாக ஒன்று சொல்லவேண்டியிருந்தது. அவ்வளவுதான். வரதன் கண்ணை மூடிக்கொண்டு எண்ணுவதை நடித்தும் காட்டினேன். ஹபீப் புல்லில் புரண்டு சிரித்தான்.

குதிரை நின்றது.

"யார் வீட்டுப் பிள்ளை?" என்றார் மாமு.

"என் கிளாஸ்தான் மாமு. சிநேகிதன்."

"வீடு எங்க?"

"ஸ்ரீரங்கம்."

மாமு வடக்கே பார்த்தார். "மணியாச்சு" என்றார். வண்டி நகர்ந்தது. தப்பித்தேன் என்று மூச்சு விட்டபோது பரிதா என் காதில் சொன்னாள்: "குதிரை மறக்காது."

மறுநாள் வரதன் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. வாத்தியார் 'ஆப்சென்ட்' என்று போட்டுக்கொண்டே போனார். இதற்குள் ஹபீப், கதவில்லாத வாயைக் கொண்டு, விளையாட்டு மைதானத்தில் கதையை விற்றுவிட்டான். என் வகுப்பில் பெஞ்சை ஆட்டி, "பாலம் வந்துடுச்சு, கண்ணை மூடு" என்று ஒருவன் ஆரம்பிக்க, மொத்த வகுப்பும் எண்ணும். வரதன் திரும்பி வரும் நாளுக்காக எல்லோரும் ஆவலாகக் காத்திருந்தார்கள். எனக்கோ அவன் வராத காரணம் சந்தேகமில்லாமல் தெரிந்திருந்தது. குதிரை சொல்லிவிட்டது. எப்படி, எப்போது என்றெல்லாம் நான் கேட்டுக்கொள்ளவில்லை. பத்து நாள் ஆயிற்று.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அம்மா என் தலையை வாரிவிட்டாள். கையில் ஆறு சாத்துக்குடி இருந்த பையைக் கொடுத்தாள். "மாமு உன்னய ஸ்ரீரங்கம் கூட்டிட்டுப் போறாராம், உன் சிநேகிதனப் பார்க்க. அவங்க வீட்ல ஒழுங்கா நடந்துக்க."

அம்மாவும் கூட்டு. சாத்துக்குடி எதற்கு என்றுகூட எனக்கு விளங்கிவிட்டது, அபராதம்.

வண்டியில் நான் ஒருவன்தான். "எதுக்கு மாமு போறோம்?" "போனா தெரியும்." "வரதனுக்கு என்ன?" "அவனப் பத்தி என்னய ஏன் கேக்குற? அவன்கிட்டயே கேளு." இந்த மனிதரிடம் ஒரு தகவல் பெயர்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வயிறு வலிக்கிறது என்றேன். இறங்கிப் போய்விட்டு வா, காத்திருக்கிறேன் என்றார். வலி போய்விட்டது என்றேன்.

பாலத்துக்கு முன்னால் தண்ணீர்த் தொட்டியில் குதிரைக்குத் தண்ணீர் காட்ட நிறுத்தினார். அவர் வாளி எடுக்கத் திரும்பிய நேரம் நான் இறங்கிக் குதிரையிடம் போனேன். அதன் காதுக்குள் வாயை வைத்து, "தாயி, நான் வேணும்னு சொல்லல. இனிமே யாரைப் பத்தியும் பேசமாட்டேன். வண்டியத் திருப்பிடு" என்று கெஞ்சினேன். பெரிய திராட்சை மாதிரி இருந்த அதன் கண் கொஞ்சம்கூட அசையவில்லை.

"என்னடா காதுல?"

"சும்மா மாமு."

மாமு என்னைப் பார்த்தார், குதிரையைப் பார்த்தார். உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து, வந்த வழியே போனது.

பாலத்தில் ஏறினோம். நுங்கும் நுரையுமாகப் போய்க்கொண்டிருந்தது ஆறு. நான் கீழே பார்த்தேன். வரதன் சொன்னது உண்மை. தண்ணீர் நின்றுகொண்டிருந்தது, பாலம்தான் என்னைத் தூக்கிக்கொண்டு நழுவியது. கண்ணை மூடிக்கொண்டேன். பாலம் முடிந்து மாம்பழச்சாலை வருகிற வரை திறக்கவில்லை.

சித்திரை வீதியில் வரதன் வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. வேப்பிலை என்றால் அம்மை என்று யாருக்கும் தெரியும். எனக்கும் தெரிந்தது. கூடவே அந்த அம்மை என் வாயிலிருந்து கிளம்பியதுதான் என்பதும் தெரிந்துவிட்டது.

"வாப்பா, உள்ள வா" என்றாள் வரதன் அம்மா. "பயப்படாதே, எறங்கிடுத்து. தலைக்கு ஜலம் விட்டாச்சு. பத்து நாளா உன் பேரைத்தான் சொல்லிண்டிருக்கான். வரதா, யார் வந்திருக்கா பாரு."

வரதன் பாயில் உட்கார்ந்திருந்தான். முகமெல்லாம் கறுப்புப் பொட்டு. என்னைப் பார்த்ததும் வாயெல்லாம் சிரிப்பு. "வந்துட்டியா? எவ்வளவு நோட்ஸ் போயிருக்கு?" என்றான்.

அந்தச் சிரிப்பைப் பார்த்தே நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும். மூளை வேலை செய்யவில்லை. தையல்கடை முன்னால் நின்ற ஹபீப்பாக நான் நின்றேன். அவனாவது வெறும் ஸலாம் சொல்லித் தப்பித்தான். நான் சாத்துக்குடிப் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு மடமடவென்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பாலம், கண், எண்ணுவது, நடித்துக்காட்டியது, ஹபீப், மைதானம், பெஞ்சை ஆட்டுவது. கடைசியில், "மாப்பு பண்ணிடுடா" என்றேன்.

வரதன் சிரிப்பு எப்போது நின்றது என்று நான் பார்க்கவில்லை.

"எனக்கு இதெல்லாம் தெரியவே தெரியாதே" என்றான். கொஞ்சம் பொறுத்து, "உன்கிட்ட மட்டும்தானேடா சொன்னேன்." இன்னும் கொஞ்சம் பொறுத்து, "திங்கட்கிழமை நான் எப்படிடா வருவேன்?"

அவன் அம்மா இரண்டு டம்ளரில் மோர் கொண்டுவந்தாள். "ஏன் ரெண்டு பேரும் ஊமையா உக்காந்திண்டிருக்கேள்? சண்டையா?"

"ஒண்ணுமில்லேம்மா" என்றான் வரதன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அவன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. மோரைக் குடித்தேன்.

வெளியே மாமு குதிரைக்கு ஈ விரட்டிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "புள்ளைக்கு ரொம்ப முடியலயா?" என்றார். நடந்ததைச் சொன்னேன். அவர் கையிலிருந்த துண்டு நின்றுவிட்டது.

"அவனுக்குத் தெரியாதா?"

"தெரியாது மாமு."

"தெரியாதவன்கிட்ட போய் ஏன்டா சொன்ன?"

"நீங்கதானே மாமு, யாரப் பத்திப் பேசுனமோ அவங்ககிட்டயே போய்ச் சொல்லணும்னு கூட்டிட்டுப் போவீங்க? அதுக்குத்தானே இன்னைக்கும் கூட்டிட்டு வந்தீங்க?"

"நோயாளியப் பார்க்கத்தான்டா கூட்டிட்டு வந்தேன். ஜங்ஷன்ல அவங்க அத்தா, அந்த ரயில்வே குமாஸ்தா, என்னயத் தேடி வந்து கேட்டாரு, புள்ளை உன்னயவே கேக்குறான்னு."

மாமு குதிரையின் கழுத்தில் கையை வைத்தார். உள்ளே போய் வரதனிடம் தானும் மாப்பு கேட்கலாமா என்று வாசலைப் பார்த்தார். ஒரு படி ஏறி, திரும்பி இறங்கினார். "நானும் போய் அதையே கிளறணுமா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பாலம் தாண்டியபிறகுதான் என்னிடம் பேசினார்.

"தையக்காரருக்குச் சட்டை விஷயம். இது அது மாதிரி இல்ல. நான் உங்களுக்கு அரைகுறையாச் சொல்லிக் கொடுத்துட்டேன்." பிறகு: "எங்க எங்க அவனப் பத்திச் சொன்னியோ, அங்கெல்லாம் போய் அவனப் பத்தி நல்லதாச் சொல்லு. திங்கட்கிழமை அவன் வர்றதுக்குள்ள."

திங்கட்கிழமை முதல் மணி அடிப்பதற்கு முன்பே வகுப்பில் போய் நின்றேன். "வரதன் நல்லா படம் போடுவான்" என்றேன். "கேட்டா ரப்பர் கொடுப்பான். கணக்குல நம்ம யாருக்கும் இல்லாத மூளை அவனுக்கு." எல்லோரும் என்னை வினோதமாகப் பார்த்தார்கள். ஒருவன் எழுந்து பயத்தோடு கேட்டான்: "ஏன்டா, அவன் செத்துட்டானா?"

இல்லை என்று நான் சொன்னதும் வகுப்பு உற்சாகமாகிவிட்டது. "அப்ப இன்னைக்கு வரானா?" பெஞ்சுகள் ஆடத் தொடங்கின. ஜன்னல் வழியாக வரதன் கேட்டுக்குள் நுழைவது தெரிந்தது. மேஜை மேல் ஏறினேன். ஏன் ஏறினேன் என்று இன்றுவரை தெரியாது.

"ஒரு ரகசியம் சொல்றேன், கேளுங்க" என்று கத்தினேன். பெஞ்சுகள் நின்றன. குதிரையைப் பற்றிச் சொன்னேன். அதற்குத் தமிழ் தெரியும் என்று ஒரு வருஷம் நம்பியது, இங்கிலீஷ் பரீட்சை வைத்தது, தொட்டியடியில் அதன் காதுக்குள் அழுதது எல்லாவற்றையும் ஒன்று விடாமல், நடித்தும் காட்டினேன்.

வரதன் உள்ளே வந்தபோது முப்பத்தைந்து பேர் என்னைப் பார்த்துக் கனைத்துக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒருவன், "பாலம்" என்று ஆரம்பித்தான். கனைப்பில் அது எடுபடவில்லை. அன்றிலிருந்து பள்ளியை விடும்வரை என் பெயர் குதிரை. கோமாளித்தனம் எனக்கு உத்தியோகமானது அந்த மேஜை மேலிருந்துதான்.

வரதன் வேறு பெஞ்சில் போய் உட்கார்ந்தான். ஒரு மாதம் அங்கேயே இருந்தான். ஒருநாள் கணக்குப் பீரியடில் முதுகில் ஒரு விரல் குத்தியது. "டேய் குதிரை, காம்பஸ் இருக்கா?" என்றான். கொடுத்தேன். அதைத் திருப்பிக் கொடுக்க என் பெஞ்சுக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எந்த ரகசியத்தையும் அவன் என்னிடம் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

மாமுவின் வழக்கம் அதோடு மாறிவிட்டது. யார் வீட்டுக்கும் வண்டியைத் திருப்புவதில்லை. புறம் கேட்டால் வண்டி நிற்கும், அவ்வளவுதான். "அவங்களப் பத்தி நல்லதா ஒண்ணு சொல்லுங்க, போகும்" என்பார். ஹெட்மாஸ்டரைப் பற்றி ஒரு நல்லது தேடி நாங்கள் நடுரோட்டில் கால்மணி நேரம் நின்றிருக்கிறோம். கடைசியில் பரிதாதான், "அவர் செருப்பு சத்தம் போடாது" என்று கண்டுபிடித்துக் காப்பாற்றினாள்.

ஒரு கேள்வி மட்டும் எனக்குப் பாக்கி இருந்தது. மேஜை மேல் ஏறி அதைக் கேலி செய்தேனே தவிர, உள்ளுக்குள் நம்பிக்கை முழுக்கப் போகவில்லை. கடிவாளம் அவர் கையில்தான் இருந்தது, சரி. லாரிக்கு மிரளாத குதிரை, வெடிக்கு அசையாத குதிரை, அதனிடம் ஏதோ இருக்கிறது. "மாமு, அதுக்கு உண்மையிலேயே ஏதாவது தெரியுமா?" என்று ஒருதரம் கேட்டேன். "அதைப் பத்தி, அது நிக்கிறப்பவே எங்கிட்ட கேக்குறியே" என்று முகத்தைச் சுளித்தார். விட்டுவிட்டேன்.

நான் காலேஜில் சேர்ந்த வருஷம் மாமு வையம்பட்டியில் இருந்த மகள் வீட்டோடு போய்ச் சேர முடிவு செய்தார். குதிரையை வாங்க துறையூரிலிருந்து ஒருவர் வந்தார். நான் சும்மா வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். வந்தவர் பல்லைப் பார்த்தார், குளம்பைத் தூக்கிப் பார்த்தார், வயிற்றைத் தட்டிப் பார்த்தார். திருப்தியாகத் தலையாட்டினார். "சரிங்க, முடிச்சுக்கலாம்" என்றார்.

"ஒரு நிமிஷம் வாங்க" என்றார் மாமு. "விக்கிறவன் மறைக்கக்கூடாது. ஒண்ணு சொல்லணும்."

அங்கேயே சொல்லவில்லை. அவரைக் கையைப் பிடித்து, ரோட்டைத் தாண்டி, எதிரே இருந்த புளியமரத்துக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். நான் வெட்கமில்லாமல் பின்னாலேயே போனேன். மாமு ஒருதரம் எட்டிக் குதிரையைப் பார்த்தார். அது அந்தண்டை புல் தின்றுகொண்டிருந்தது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, அதற்குக் கேட்டுவிடக்கூடாது என்பதுபோல, சொன்னார்:

"அதுக்கு ரெண்டு காதும் கேக்காதுங்க. நான் வாங்கினப்பவே அப்படித்தான். இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல."